ஏசி ஃபில்டரை வீட்டிலேயே மாற்றுவது எப்படி

என்னுடைய முதல் காரை ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் நிறுத்துவேன். எங்கள் தெருவில் அந்த ஒரு நிழல்தான் உண்டு. வாங்கி மூன்றாவது வருஷம், ஏசியைப் போட்டால் டேஷ்போர்டுக்குள்ளிருந்து சரசரவென்று சத்தம், யாரோ சருகில் நடப்பதுபோல. காற்றும் நாளுக்கு நாள் குறைந்தது. 4-ல் வைத்தால் முன்பு 2-ல் வந்த காற்றுதான் வரும். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் "கேஸ் குறைஞ்சிருக்கும் சார்" என்றார்கள். கேஸ் குறைந்தால் குளிர் குறையலாம், காற்று எப்படிக் குறையும் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கிளவ் பாக்ஸை, அதாவது முன்சீட்டுப் பயணிக்கு எதிரே டேஷ்போர்டில் இருக்கும் பெட்டியைக் கழற்றி, பின்னால் இருந்த மூடியைத் திறந்தேன். ஃபில்டர் இருக்க வேண்டிய இடம் காலி. டார்ச் அடித்துக் கீழே எட்டிப் பார்த்தால், காற்றைத் தள்ளும் விசிறியான ப்ளோயரின் சக்கரத்து இடுக்கெல்லாம் தூங்குமூஞ்சி மரத்துப் பொடி இலை, நிறம் வெளுத்த பூ நார். வண்டி விலை குறைந்த வேரியன்ட். தயாரிக்கும்போதே அதில் ஃபில்டர் வைக்கவில்லை. பழைய பில்களைத் தேடி எடுத்தேன். மூன்று சர்வீஸ் பில்லிலும் 'ஏசி ஃபில்டர் க்ளீனிங்' என்று ஒரு வரி, அதற்கு நேரே ஒரு தொகை. இல்லாத ஃபில்டரை மூன்று முறை சுத்தம் செய்திருக்கிறார்கள்!

அன்றிலிருந்து இந்த வேலையை மட்டும் யாரிடமும் விடுவதில்லை. முதல் தடவை அரை மணி நேரம் ஆகும், அடுத்த தடவை பத்து நிமிஷம். பெரும்பாலான கார்களுக்கு ஒரு ஸ்பானர்கூடத் தேவைப்படாது. ஆனால் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, ஃபில்டரை எந்தப் பக்கமாகச் செருக வேண்டும் என்ற மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த ஃபில்டர் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது

முன் கண்ணாடிக்கு அடியில், வைப்பர் படுத்திருக்கும் இடத்தில், கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரு சல்லடை தெரியும். வெளிக்காற்று அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது. புங்க இலை, வாதாம் இலை மாதிரிப் பெரியவை அங்கேயே தங்கிவிடும். புளிய இலை, வேப்பம்பூ, தூங்குமூஞ்சி இலை எல்லாம் அந்தச் சல்லடையைச் சட்டையே செய்யாது. நேராக உள்ளே போய்விடும்.

உள்ளே வந்த காற்றைப் பெரும்பாலான ஜப்பானிய, கொரியக் கார்களில் ஃபில்டர் வடிகட்டுகிறது. அதற்கு அடியில் ப்ளோயர். ப்ளோயர் தள்ளும் காற்று கூலிங் காயில் வழியாகப் போய், குளிர்ந்து, முகத்துக்கு வருகிறது. உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அமுக்கினாலும் இந்தக் கார்களில் காற்று ஃபில்டரைத் தாண்டித்தான் போகும். அதனால் 'நான் வெளிக்காற்றுப் பக்கமே திறப்பதில்லை, எனக்கு எதற்கு ஃபில்டர்' என்று இருந்துவிட முடியாது. மிதியடித் தூசி, துணி நார், நாய் வளர்ப்பவர்கள் என்றால் நாய் முடி எல்லாம் அதில்தான் போய்ச் சேரும்.

ஃபில்டர் நம் மூக்குக்காக என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். என்னைக் கேட்டால் அது காப்பாற்றுவது முதலில் கூலிங் காயிலைத்தான். ஏசி ஓடும்போது காயில் முழுக்க நீர் பூத்திருக்கும். ஈரமான பரப்பில் தூசி பட்டால் என்ன ஆகும்? சேறு. அந்தச் சேறு மெல்லிய தகடுகளின் நடுவே அப்பிக்கொண்டால் காற்று போகாது, குளிர் ஏறாது, காயாத சாக்ஸ் மாதிரி ஒரு நாற்றமும் கிளம்பும். காயிலை வெளியே எடுத்துச் சுத்தம் செய்வதென்றால் பல கார்களில் டேஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும். சில நூறு ரூபாய் ஃபில்டர் அந்தச் செலவைத் தள்ளிப்போடுகிறது.

ஃபில்டர்தான் காரணமா?

காற்றின் வேகம் குறைந்திருந்தால், ப்ளோயர் இரைச்சல் மட்டும் பலமாக இருந்து காற்று மெதுவாக வந்தால், ஏசி போட்டதும் புழுதி வாசனை அடித்தால், மழைநாளில் கண்ணாடியில் படியும் பனி சீக்கிரம் விலகாவிட்டால் முதலில் ஃபில்டரைத்தான் பார்க்க வேண்டும்.

காற்று பலமாக வருகிறது, ஆனால் குளிரவில்லை என்றால் அது வேறு கதை. கேஸ், கம்ப்ரஸர், கண்டென்ஸர் என்று மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். முன்சீட்டுப் பயணியின் காலடி மிதியடி நனைந்திருந்தால் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படலம், கூடவே இனிப்பான ஒரு வாசனை என்றால் ஹீட்டருக்குப் போகும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அதைத் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.

வாங்கும்போது

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் "ஏர் ஃபில்டர் கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். கடைக்காரர் இன்ஜின் ஏர் ஃபில்டரை எடுத்து வைப்பார். அவர் மேல் தப்பில்லை. 'ஏர் ஃபில்டர்' என்றால் இன்ஜினுக்குப் போவது, 'ஏசி ஃபில்டர்' அல்லது 'கேபின் ஃபில்டர்' என்றால் நமக்கு வேண்டியது. கடை வழக்கு அப்படி. வண்டியோடு வந்த மேனுவலில் தேடினால் பெயர் இன்னும் குழப்பும். ஹூண்டாய் மேனுவலில் 'கிளைமேட் கண்ட்ரோல் ஏர் ஃபில்டர்' என்று இருக்கும். ஹோண்டாவில் 'டஸ்ட் அண்ட் போலன் ஃபில்டர்'. டொயோட்டாவில் 'ஏர் கண்டிஷனிங் ஃபில்டர்'. மூன்றும் ஒன்றுதான்.

மாடல் பெயர் மட்டும் சொன்னால் போதாது. ஒரே பெயரில் கம்பெனி மூன்று தலைமுறை கார் விற்றிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஃபில்டர் அளவு வேறாக இருக்கலாம். ஆர்.சி. புக்கில் தயாரான மாதமும் வருஷமும் இருக்கும், அதைச் சொல்லுங்கள். கம்பெனி பார்ட்ஸ் கவுன்டரில் என்றால் சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் சரியானதை எடுத்துவிடுவார்கள். சென்னைக்காரர்களுக்கு ஜி.பி. ரோடு இருக்கவே இருக்கிறது. அங்கே போவதானால் முதலில் வீட்டில் பழைய ஃபில்டரை வெளியே எடுத்து நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அளந்து, போனில் படமும் பிடித்துக்கொண்டு போவது நல்லது. "அண்ணே, இது எல்லாத்துக்கும் செட் ஆகும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். சட்டம் அரை அங்குலம் குறைவாக இருந்தாலும், காற்று ஃபில்டர் வழியாகப் போகாமல் அந்த இடைவெளி வழியாகவே போய்விடும்.

வெள்ளையாக இருப்பது சாதா ஃபில்டர். கறுப்பாகவோ சாம்பல் நிறத்திலோ இருப்பதில் கார்பன் கலந்திருக்கும். சாதா ஃபில்டர் புழுதி, மகரந்தம் போன்றவற்றைப் பிடிக்கும். கார்பன் அதோடு லாரிப் புகை, சாக்கடை, குப்பைமேடு வாசனைகளையும் ஓரளவு உறிஞ்சும். தினமும் நகர நெரிசலில் ஓட்டுகிறவர்கள் கூடுதலாகக் கொஞ்சம் கொடுத்துக் கார்பனே வாங்கலாம். ஊர்ப்பக்கம், மண் ரோட்டில் ஓட்டுகிறவர்கள் சாதா ஃபில்டர் வாங்கிச் சீக்கிரம் சீக்கிரம் மாற்றுவதுதான் மேல். செம்மண் புழுதியில் கார்பன் ஃபில்டரும் அதே வேகத்தில்தான் அடைக்கும். ஹெப்பா என்று போட்டு வருகிறவை 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களைக்கூடப் பிடிக்கப் பார்ப்பவை. ஆனால் நெசவு நெருக்கமானால் காற்று கொஞ்சம் குறையும். சின்ன காரின் சின்ன ப்ளோயருக்கு அது ஒத்துவருமா என்று யோசித்து வாங்குங்கள்.

கையில் எடுத்ததும் மடிப்புகளைப் பாருங்கள். நெருக்கமாக, ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரச் சட்டம் வளைத்தால் உடனே நேராக வேண்டும். தொளதொளவென்று இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கிளவ் பாக்ஸைக் கழற்றுதல்

இப்போது என்னிடம் இருப்பது ஹூண்டாய் ஐ20. அதை வைத்தே சொல்கிறேன். உங்கள் வண்டிக்கு மாறுவதை நடுநடுவே சேர்க்கிறேன்.

நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் நின்ற காருக்குள் தலையைக் கவிழ்த்து வேலை பார்த்தால் ஐந்தாவது நிமிஷம் பொறுமை போய்விடும், பிளாஸ்டிக் உடைவது அப்போதுதான். சாவியை எடுத்துவிடுங்கள். பட்டன் ஸ்டார்ட் என்றால் வண்டி முழுக்க ஆஃப் ஆகியிருக்க வேண்டும். ஃபில்டர் இல்லாத நேரத்தில் தெரியாமல் ப்ளோயர் ஓடிவிட்டால், உதிர்ந்து கிடக்கும் குப்பை மொத்தத்தையும் அது உள்ளே இழுத்துக்கொள்ளும்.

முன்சீட்டைப் பின்னால் தள்ளி, காலடியில் பழைய பேப்பர் விரியுங்கள். கிளவ் பாக்ஸில் உள்ளதை எல்லாம் எடுத்துவிடுங்கள். இதற்கே பாதி நேரம் போகும். பெட்டியைத் திறந்தால் இரண்டு பக்கச் சுவரிலும், கொஞ்சம் உள்ளே தள்ளி, பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று தெரியும். பெட்டி ஒரு அளவுக்கு மேல் கீழே சாயாமல் பிடிப்பது அதுதான். திருகி இழுத்தால் கையோடு வரும். இரண்டையும் எடுத்து, கப் வைக்கும் குழியில் போடுங்கள். சட்டைப் பையில் போட்டால் நாளைக்கு வாஷிங் மெஷினில்தான் கிடைக்கும்.

பெட்டியின் ஒரு பக்கத்தில் அது மெதுவாகத் திறப்பதற்காக ஒரு நாடாவோ குட்டிக் கம்பியோ மாட்டியிருக்கும். அதன் முனை ஒரு கொக்கியில் உட்கார்ந்திருக்கும். பக்கவாட்டில் தள்ளினால் கழன்றுவிடும். எப்படி மாட்டியிருந்தது என்று கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது எல்லோரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இது கழன்றதும் பெட்டி முழுக்கக் கீழே தொங்கும். பின்னால் இருட்டாக ஒரு பொந்து.

வேறு பல கார்களில் தனித் தடுப்பு இருக்காது. பெட்டியின் இரு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே இழுத்தால் போதும். சிலவற்றில் இரண்டு மூன்று ஸ்க்ரூ இருக்கும்; ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் போதும். பெட்டிக்குள் குளிர்காற்று வரும் வண்டியாக இருந்தால் ஒரு குழாயும், விளக்கு உள்ள பெட்டி என்றால் ஒரு சின்ன ஒயரும் பின்னால் இணைந்திருக்கும். வெடுக்கென்று இழுக்காமல், ஒரு கையால் பெட்டியைத் தாங்கிக்கொண்டு பாருங்கள். சில ஐரோப்பியக் கார்களில் கிளவ் பாக்ஸைத் தொடவே வேண்டாம், அதற்கு அடியில் குனிந்து பார்த்தால் மூடி தெரியும். சிலவற்றில் ஃபில்டர் பானெட்டைத் திறந்தால் வைப்பருக்கு அடியிலேயே இருக்கும். எங்கே தேடுவது என்பதை மேனுவலின் பராமரிப்புப் பகுதியில் படத்தோடு போட்டிருப்பார்கள். எந்த வண்டியானாலும் முதல் தடவை அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

அப்புறம், முக்கியமான ஒன்று. கிளவ் பாக்ஸுக்கு மேலேதான் பயணிக்கான ஏர்பேக் இருக்கிறது. மஞ்சள் நிறத்தில் ஒயரோ, மஞ்சள் கனெக்டரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குக்கு உரியது. அதைக் கழற்றவும் வேண்டாம், அசைத்துப் பார்க்கவும் வேண்டாம். நம் வேலைக்கு அந்தப் பக்கம் கை போக வேண்டிய அவசியமே இல்லை.

பழையதை எடுத்தல்

பொந்துக்குள் டார்ச் அடித்தால் கறுப்பாக, பட்டையாக, கிட்டத்தட்ட ஒரு ஸ்கேல் நீளத்துக்கு ஒரு மூடி தெரியும். ஐ20-ல் அதன் ஓரத்தில் லாக் இருக்கும். அமுக்கிக்கொண்டே இழுத்தால் டக்கென்று வரும். உள்ளே ஃபில்டரின் ஓரம் தெரியும்.

உடனே உருவிவிடாதீர்கள். வெளியே தெரியும் ஓரத்தில் அம்புக்குறி ஏதாவது அச்சிட்டிருக்கிறதா, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு படம் எடுங்கள். பிறகு ஃபில்டரைச் சாய்க்காமல், கிடைமட்டமாகவே, தாம்பாளத்தில் தீர்த்தம் எடுத்து வருவதுபோல மெதுவாக இழுங்கள். மேல்பக்கம் முழுக்கக் குப்பைதான். சாய்த்தால் அது அப்படியே ப்ளோயருக்குள் கொட்டும். பொந்து குறுகலாக இருந்தால் பழைய ஃபில்டரைக் கொஞ்சம் மடக்கி எடுக்கலாம், அது எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது. புதியதை மட்டும் கசக்காதீர்கள்.

ஒரு வருஷம் ஓடிய என் ஃபில்டரைப் போன முறை எடுத்தபோது மேல்பக்கம் அடுப்புக்கரி நிறம். மடிப்புகளின் நடுவே வேப்பம்பூக் காம்புகள், ஒரு செத்த குளவி, இரண்டு கொசு, எங்கிருந்து வந்ததோ ஒரு மல்லிகைக் காம்பு. கீழ்ப்பக்கம் மட்டும் வெள்ளை மாறாமல் இருந்தது. அந்த இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தபிறகு வீட்டில் யாரும் ஃபில்டர் செலவைப் பற்றிக் கேட்பதில்லை.

எலிப் புழுக்கையோ, கடித்துக் குதறிய நாரோ கிடந்தால் வேலையை நிறுத்துங்கள். காரில் எலி கூடு கட்ட இந்த இடம் வெகு சௌகரியம். கையுறை, மாஸ்க் போட்டுக்கொண்டு, கிருமிநாசினி தெளித்து நனைத்துவிட்டு, பேப்பரால் துடைத்து எடுங்கள். காய்ந்தபடியே ஊதவோ, பெருக்கவோ, வாக்யூம் போடவோ வேண்டாம். எலி மூத்திரத்தில் நோய்க்கிருமி இருக்கும். ஒயர் ஏதாவது கடிபட்டிருந்தால் எலக்ட்ரீஷியனிடம் காட்டிய பிறகுதான் ப்ளோயரைப் போட வேண்டும்.

சாதாரணத் தூசி என்றால் வாக்யூம் கிளீனரின் மெல்லிய முனையை விட்டு உறிஞ்சிக்கொள்ளலாம். அது இல்லாவிட்டால் இரண்டு அங்குலப் பெயின்ட் பிரஷ் போதும். வெளிப்பக்கமாகக் கூட்டி, கீழே பேப்பரில் தள்ளுங்கள். ப்ளோயர் சக்கரத்தில் இலை சிக்கியிருந்தால் விரலால் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாக எடுங்கள். என் முதல் காரில் அப்படி ஒரு கைப்பிடி எடுத்தேன். அதோடு அந்தச் சரசரப்பு போயே போச்சு.

எந்தப் பக்கம் மேலே?

புதியவர்கள் தப்பு செய்கிற இடம் இது. நானும் செய்தேன்.

ஃபில்டரின் ஓரத்தில் ஆங்கிலத்தில் இரண்டு விதமாக அச்சிட்டிருப்பார்கள். ஒன்று 'ஏர் ஃப்ளோ' என்று எழுதி ஒரு அம்பு. இன்னொன்று 'அப்' என்று எழுதி ஒரு அம்பு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, சொல்வது வேறு. 'ஏர் ஃப்ளோ' அம்பு காற்று எந்தத் திசையில் போகிறது என்று காட்டுகிறது. 'அப்' அம்பு எந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும் என்று காட்டுகிறது.

ஐ20-ல் காற்று மேலிருந்து கீழே இறங்குகிறது, ஃபில்டருக்கு அடியில் ப்ளோயர் இருக்கிறது. அதனால் அம்பு கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஹூண்டாய் மேனுவல் இதை எச்சரிக்கையாகவே போட்டிருக்கிறது: மாற்றிப் போட்டால் ஏசியின் திறன் குறையலாம், சத்தமும் வரலாம் என்று. ஹோண்டாவும் 'ஏர் ஃப்ளோ' அம்பைக் கீழே பார்த்து வைக்கத்தான் சொல்கிறது. டொயோட்டாவின் கொரோலா மாதிரிக் கார்களில் 'அப்' என்று போட்டிருக்கும். அந்த அம்பு மேலே பார்க்க வேண்டும். ஆக இரண்டிலும் காற்று கீழேதான் இறங்குகிறது, ஆனால் அம்பு ஒன்றில் கீழே, இன்னொன்றில் மேலே. அம்பை மட்டும் பார்த்து எழுத்தைப் படிக்காவிட்டால் தலைகீழாகிவிடும்.

வெறும் அம்பு மட்டும் இருந்து எழுத்தே இல்லாவிட்டால் பெரும்பாலும் அது காற்றின் திசைதான். அப்போது உங்கள் வண்டியில் காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். மேனுவலைப் பாருங்கள். அதுவும் கையில் இல்லையென்றால் பழைய ஃபில்டரைப் பாருங்கள். எந்தப் பக்கம் அழுக்கோ அந்தப் பக்கத்திலிருந்துதான் காற்று வருகிறது. பழையதை யாராவது தலைகீழாகப் போட்டிருந்தாலும் இந்தக் கணக்கு பிசகாது. என் வண்டியை நான் பழையதாக வாங்கியபோது அப்படித்தான் இருந்தது. உள்ளே அம்பு மேலே பார்த்துக்கொண்டிருந்தது, நானும் 'கம்பெனி போட்டது சரியாகத்தான் இருக்கும்' என்று புதியதையும் அதேபோல மேலே பார்க்க வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து மேனுவலைப் படித்தபோதுதான் தெரிந்தது. அழுக்கு எந்தப் பக்கம் என்று பார்த்திருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும்.

தலைகீழாகப் போட்டால் வண்டி நின்றுவிடாது. காற்று வரும், ஏசி குளிரும். ஆனால் பல ஃபில்டர்களில் ஒரு பக்கத்து நெசவு கொஞ்சம் தளர்வாகவும் மறுபக்கம் நெருக்கமாகவும் இருக்கும். பெரிய தூசி முதல் அடுக்கில், சின்னது அடுத்த அடுக்கில் என்று படிப்படியாகப் பிடிப்பதற்காகச் செய்தது அது. திருப்பிப் போட்டால் நெருக்கமான பக்கத்திலேயே எல்லாம் அப்பி, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

செருகும் முன், ஃபில்டரின் ஓரச் சட்டத்தில் மார்க்கர் பேனாவால் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவிடுங்கள். அடுத்த முறை சர்வீஸுக்கு விட்டு வாங்கும்போது, பில்லில் 'மாற்றியது' என்று இருந்தால் மூடியைத் திறந்து எழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

மூடுதல்

ஃபில்டரைச் சீராக உள்ளே தள்ளுங்கள். கடைசி அரை அங்குலம் இடித்தால் அமுக்கித் திணிக்க வேண்டாம்; வெளியே எடுத்து மூலைகளைப் பார்த்து மறுபடி விடுங்கள். மூடியைப் போட்டதும் லாக் விழும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் விழவில்லை. ஓரம் சரியாக உட்காராத மூடி வழியாக, ப்ளோயர் வடிகட்டாத காற்றை உறிஞ்சும். விசில் மாதிரி ஒரு சத்தமும் வரலாம்.

பிறகு நாடா, தடுப்புகள், பெட்டி என்று கழற்றியதற்குத் தலைகீழ் வரிசை. வண்டியை ஸ்டார்ட் செய்து ப்ளோயரை 1-லிருந்து மேலே ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். முதல் சில விநாடி கொஞ்சம் புழுதி வரலாம், கண்ணாடிகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கார்பன் ஃபில்டர் என்றால் முதல் நாள் லேசாக ஒரு வாசனை இருக்கும், போய்விடும்.

ஃபில்டரே இல்லாத வண்டி

என் முதல் காரைப்போல இடம் மட்டும் காலியாக இருந்தால், மேல் வேரியன்ட்டுக்கு வரும் ஃபில்டரை வாங்கிச் செருகிவிடலாம். சிலவற்றில் ஃபில்டரைத் தாங்கும் தட்டும் மூடியும் தனியாக வாங்க வேண்டிவரும். இன்னும் சிலவற்றில் வாசலையே பிளாஸ்டிக்கால் அடைத்து, வெட்டுவதற்குக் கோடு மட்டும் போட்டிருப்பார்கள். வாரன்ட்டி முடியாத வண்டியில் அதை நீங்களே அறுக்க வேண்டாம், கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள். மற்றவர்கள் அறுத்தால் பிளாஸ்டிக் துருவல் ப்ளோயருக்குள் விழாமல் ஒரு துணியை உள்ளே திணித்துக்கொண்டு அறுங்கள். அந்தத் துணியை வெளியே எடுக்க மறக்காதீர்கள்!

கழுவலாமா, எப்போது மாற்றலாம்

பழையதைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்தால் வெள்ளையாகிவிடும், உண்மைதான். ஆனால் பல ஃபில்டர்களில் நுண்ணிய துகளைப் பிடிப்பது நாரில் ஏற்றியிருக்கும் நிலைமின்சாரம். தண்ணீரில் அது போய்விடும், மடிப்பும் தளரும். கார்பனாக இருந்தால் உறிஞ்சும் திறனும் அதோடு சரி. பஞ்சர் கடைக் காற்றை அடித்து ஊதுவதும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்தால் வடிகட்டியும் பயனில்லை. நடுவில் ஒரு தடவை வெளியே எடுத்து, அழுக்குப் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து மெதுவாகத் தட்டிவிட்டுப் போடலாம், அவ்வளவுதான். கழுவலாம் என்று அட்டையிலேயே போட்டு விற்பவை மட்டும் வேறு.

கம்பெனிகள் பெரும்பாலும் 10,000 முதல் 20,000 கிலோமீட்டருக்குள், அல்லது வருஷத்துக்கு ஒரு முறை என்று சொல்கின்றன. நான் கிலோமீட்டர் கணக்கு வைப்பதில்லை. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கும் முன் ஃபில்டரை மாற்றிவிடுவேன். ஐப்பசி மழை அதற்கடுத்துத்தான் தொடங்கும். ஒரு வருஷத்துக் குப்பை உள்ள ஃபில்டர் ஈரத்தில் ஊறினால் வரும் நாற்றத்துக்கு எந்த வாசனைப் புட்டியும் ஈடுகொடுக்காது. சித்திரையில், வேப்பம்பூ உதிர்ந்து முடிந்ததும், ஒரு தடவை எடுத்துத் தட்டிப் போடுவேன். கட்டடவேலை நடக்கும் தெருவில் நிறுத்துகிறவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றினாலும் தகும்.

நாற்றம் வராமல் இருக்க இன்னொன்றும் செய்யலாம். வீடு சேர இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும்போது ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு ப்ளோயரை ஓடவிடுங்கள். காயிலில் இருக்கும் ஈரம் ஓரளவு காயும்.

போன வருஷம் எதிர்வீட்டு அண்ணன் என்னைப் பார்த்து அவரே ஃபில்டர் மாற்றினார். சாயங்காலம் வந்து, "தம்பி, புதுசு போட்டும் சுத்தமா காத்தே வரல, இதுக்குப் பழசே தேவலாம்" என்றார். அம்பு தலைகீழாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன். கிளவ் பாக்ஸை இறக்கி, மூடியை எடுத்து டார்ச் அடித்தேன். அம்பு கீழே பார்த்துக்கொண்டு மிகச் சரியாக இருந்தது. ஃபில்டரைச் சுற்றியிருந்த பாலிதீன் கவரையும் கிழிக்காமல் அப்படியே செருகியிருந்தார்.